ஓஸ்லோவில் எதற்குக் காசு, எதற்குக் காசில்லை

ஓஸ்லோவில் ஒரு கோப்பை காபி ஏறக்குறைய ஐம்பது குரோனர். ஒரு குரோனரைச் சுமார் எட்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நானூறு ரூபாய். சுமாரான உணவகத்தில்கூட ஒரு தட்டுச் சாப்பாடு சர்வசாதாரணமாக 200 குரோனரைத் தாண்டும். என் தங்கை எந்த விலைப்பட்டியலைப் பார்த்தாலும் உடனே எட்டால் பெருக்கிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். பெருக்குவதை நிறுத்தினால்தான் ஊரைப் பார்க்க முடியும் என்று கடிந்துகொண்டேன். அவள் கேட்கவில்லை. அப்படிப் பெருக்கிப் பெருக்கித்தான் எங்களுக்கு ஒன்று புலப்பட்டது: இந்த ஊரில் எல்லாமே விலை அதிகம் என்று சொல்வது தவறு. இன்னொருவர் நமக்காகச் சமைத்து, பரிமாறி, தட்டைக் கழுவி வைத்தால்தான் விலை எகிறுகிறது. நார்வேயில் பரிமாறுகிறவருக்கும் மரியாதையாக வாழும்படியான சம்பளம் உண்டு. அந்தச் சம்பளம் நம் பில்லில்தான் வந்து உட்காரும். வரியும் அப்படியே. உணவகத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட்டால் 25 சதவீதம், பொட்டலமாக வாங்கிக்கொண்டு வெளியேறினால் 15 சதவீதம். பொதுச் சொத்தாக இருப்பவை, அதாவது கடல், காடு, பூங்கா, நூலகம் எல்லாம், யாருக்கும் இலவசம். சிக்கனமாகச் சுற்ற நினைப்பவர் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கணக்கு விமான நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது. கார்டர்மோன் நிலையத்திலிருந்து நகரத்துக்கு இரண்டு வகை ரயில்கள் உண்டு. பளபளப்பான விளம்பரங்களுடன் நம் கண்ணில் முதலில் படுவது விமான நிலைய விரைவு ரயில். அதே தண்டவாளத்தில் ஓடும் வீ நிறுவனத்தின் சாதாரண ரயில் சில நிமிடங்கள்தான் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், கட்டணமோ கிட்டத்தட்ட பாதி. நகரத்துக்குள் பஸ், டிராம், மெட்ரோ, தீவுகளுக்குப் போகும் படகு எல்லாவற்றுக்கும் ரூட்டர் நிறுவனத்தின் ஒரே டிக்கெட். மூன்று ஒற்றை டிக்கெட்டின் விலையில் 24 மணி நேர டிக்கெட் கிடைத்துவிடும். மெட்ரோவில் தடுப்புக் கதவே கிடையாது, யாரும் டிக்கெட்டைக் கேட்பதும் இல்லை என்று தோன்றும். திடீரென்று பரிசோதகர்கள் ஏறுவார்கள். அபராதத் தொகையில் பல நாள் டிக்கெட் வாங்கலாம்.

தங்குவதற்குப் பொதுச் சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்துக்கொண்டோம். பல விடுதிகளில் படுக்கை விரிப்புக்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள் என்பதால், ஆளுக்கொரு பருத்திப் போர்வை பெட்டியில் போயிற்று. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் தாராளமாகக் கொண்டுபோகலாம். நெய்தான் போகாது. ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவர நார்வேயில் தடை உண்டு. நெய்யில்லாத பருப்புப் பொடிச் சோறு கொஞ்சம் விரக்தியான சாப்பாடு என்பதால், அங்கேயே வெண்ணெய் வாங்கி விடுதி அடுப்பில் காய்ச்சினோம். அது உப்பு வெண்ணெய் என்பது வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது. பொடிக்கு அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது.

மளிகைக்கு கிவி, ரேமா 1000, எக்ஸ்ட்ரா ஆகிய கடைகள். தேதி நெருங்கிய பொருட்களை விலை குறைத்துத் தனியாக வைத்திருப்பார்கள். முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். இதைச் சொல்லிக் கொடுத்தவர் கிரோன்லான்ட் பகுதியில் ஒரு சிறிய கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா. பாகிஸ்தானியர், சோமாலியர், துருக்கியர் என்று பலநாட்டுக் குடியேறிகள் வாழும் பகுதி அது. காய்கறி நகரத்தின் மற்ற இடங்களைவிட மலிவு, கொத்தமல்லி கட்டாகவே கிடைக்கும். எங்கள் தமிழைக் கேட்டதும் இருவரையும் 'பிள்ளை' என்று அழைத்து, சனிக்கிழமையே வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்ளும்படி எச்சரித்தார். ஞாயிற்றுக்கிழமை பெரிய மளிகைக் கடைகள் பூட்டிக் கிடக்கும். நூறு சதுர மீட்டருக்கு உட்பட்ட சின்னக் கடைகளுக்கு மட்டுமே திறக்க அனுமதி, அங்கே விலை கூடுதல். எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் வடகோடியில் மீன் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த கதையும் பேச்சுவாக்கில் வந்தது. குளிரைப் பற்றிச் சொன்னாரே தவிர, விலைவாசியைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை.

நாங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு அலைவது முதல் நாள் சற்றுக் கூச்சமாக இருந்தது. நகர மண்டபத்துக்கு எதிரே கடலோரப் பெஞ்சில் உட்கார்ந்ததும் கூச்சம் போய்விட்டது. பக்கத்துப் பெஞ்சில் கோட்டு சூட்டு அணிந்த ஒருவர் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். ரொட்டித் துண்டு, அதன்மேல் பாலாடைக்கட்டி, ஒட்டாமலிருக்க அளவாக வெட்டிய காகிதம், மறுபடி ரொட்டி. மூடியிடாத ரொட்டி அடுக்கு. இதற்கு மாட்பாக்கே என்று பெயர். பள்ளிப் பிள்ளை முதல் அதிகாரி வரை மதியத்துக்கு இதைத்தான் வீட்டிலிருந்து கொண்டுவருகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் காகிதத்தை நாலாக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு எழுந்து போனார். வெளியூர்க்காரர்கள்தான் இங்கே மதியம் உணவகத்தைத் தேடி அலைகிறார்கள் போலும்.

அந்த ரொட்டியின்மேல் பல நேரம் இருப்பது புரூனோஸ்ட் எனும் பழுப்புப் பாலாடைக்கட்டி. பால் திரிந்தபின் மிஞ்சும் தெளிநீரை, அதிலுள்ள சர்க்கரை நிறம் மாறும் வரை சுண்டக் காய்ச்சிச் செய்வது. அதைச் சீவுவதற்கென்றே நடுவில் பிளவு உள்ள தட்டையான கரண்டி ஒன்று விடுதிச் சமையலறையில் கிடந்தது; 1925இல் ஒரு நார்வே தச்சர் கண்டுபிடித்தது. இழுத்தால் கட்டி தாள்போல் சுருண்டு வருகிறது. பால்கோவா கிண்டிய சட்டியின் அடியைச் சுரண்டினால் வரும் ருசி, கூடவே கொஞ்சம் உப்பு. ஒரு கட்டி வாங்கினால் ஒரு வாரம் வரும். தங்கைக்குப் பிடிக்கவில்லை, அவள் பங்கும் எனக்கே.

குழாய்த் தண்ணீர் அருமையானது, பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுப்பது வீண். குளிர்பானம் வாங்கினால் சிறிய பாட்டிலுக்கு 2 குரோனரும் பெரியதற்கு 3 குரோனரும் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். காலிப் பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்துக்குள் தள்ளினால் சீட்டு வரும், கல்லாவில் கழித்துக்கொள்ளலாம்.

இனி இலவசங்கள். சிற்பி வீகெலானின் சிலைகள் நிறைந்த பூங்கா எல்லாருக்கும் தெரிந்ததுதான்: இருநூற்றுக்கு மேற்பட்ட சிற்பங்கள், 121 மனித உருவங்கள் பின்னிக்கிடக்கும் ஒற்றைக்கல் தூண், இரவும் பகலும் திறந்திருக்கும். அழும் வெண்கலக் குழந்தையின் ஒரு கை மட்டும் ஆயிரக்கணக்கானோர் பிடித்துப் பிடித்துப் பொன்னாக மின்னுகிறது. 2008இல் திறந்த ஆப்பரா அரங்கின் வெள்ளைப் பளிங்குக் கூரைமேல் நடக்கலாம். வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் கண் கூசும். 1990 முதல் டிசம்பர் 10ஆம் தேதிதோறும் நோபல் அமைதிப் பரிசு வழங்கும் நகர மண்டபத்துக்குள்ளும் சும்மா போய் வரலாம்.

என்னைக் கட்டிப்போட்டது 2020இல் திறந்த டைக்மான் நூலகம். உறுப்பினர் அட்டை வேண்டாம், பையைச் சோதிப்பதில்லை, யாரும் 'எதற்கு வந்தீர்கள்' என்று கேட்பதில்லை. தையல் இயந்திரம்கூட வைத்திருக்கிறார்கள். மேல்தளத்தில் ஒரு சின்ன மர அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். அடுக்கடுக்கான மரச் சுவரில் நூறு கண்ணாடி இழுப்பறைகள் பதித்திருக்கிறார்கள். 2014 முதல் ஆண்டுக்கு ஓர் எழுத்தாளரிடம் ஒரு கையெழுத்துப் பிரதி வாங்கி, யாரும் படிக்காமல் உள்ளே வைத்துவிடுகிறார்கள். ஓஸ்லோவை ஒட்டிய காட்டில் அதற்காகவே நட்ட ஆயிரம் மரங்களை வெட்டிக் காகிதமாக்கி, 2114இல்தான் அச்சிடுவார்களாம். அறையில் அரும்பும் மர வாசனையை உட்கார்ந்து முகர்வதற்குக் கட்டணமில்லை. மழை நாளென்றால் இங்கேயே பாதிப் பொழுதைக் கழித்துவிடலாம்.

வெயில் நாளென்றால் படகு. 24 மணி நேர டிக்கெட்டே போதும், பத்து நிமிடத்துக்குள் ஹோவெடோயா தீவில் இறங்கலாம். இங்கிலாந்திலிருந்து வந்த துறவிகள் 1147இல் கட்டிய மடத்தின் இடிபாடுகள் புல்வெளி நடுவே நிற்கின்றன. பக்கத்திலேயே உள்ளூர்க்காரர்கள் ஒருமுறை பயன்படுத்தும் தகர அடுப்பில் சோசேஜ் சுட்டுக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் ஜூன் மாதத்திலும் சில்லென்றுதான் இருந்தது. முழங்காலோடு நான் திரும்பிவிட்டேன்.

இளைஞர்களுக்கு இன்னொரு செய்தி. 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பயிரிடாத நிலத்தில் யாரும் நடக்கலாம், குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் அடித்து இரண்டு இரவு வரை தங்கலாம் என்கிறது. மெட்ரோ ஏறி ஸோங்ஸ்வன் ஏரியில் இறங்கி வடக்கே நடந்தால் காடுதான். எனக்கு முதுகு ஒத்துழைக்காது என்பதால் நாங்கள் முயலவில்லை.

காசு கொடுத்துப் பார்த்தவை இரண்டே. ஒன்று நார்வே ஓவியர் முங்கின் அருங்காட்சியகம். 'அலறல்' ஓவியத்தின் மூன்று வடிவங்கள் அங்கே உள்ளன, வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் காட்டுகிறார்கள். மற்றவற்றின் கதவு சாத்தியிருக்கும். காத்திருந்து மூன்றையும் பார்த்தோம். இன்னொன்று, முதலாம் எண் மெட்ரோவின் கடைசி நிலையமான ஃப்ரோக்னர்செட்டெரனில், பழைய மரவீட்டு உணவகத்தின் ஆப்பிள் கேக். கீழே ஃபியோர்டு எனும் கடல்கழி முழுவதும் விரிந்திருக்க, கிரீமுடன் ஆளுக்கொரு துண்டு, யாரோ சமைத்து யாரோ பரிமாறியது. ஒரு முறையாவது அப்படிச் சாப்பிட வேண்டும்.

விமான டிக்கெட் மலிவு என்று டிசம்பரில் கிளம்பாதீர்கள். மூன்றரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். தீவும் காடும் கூரையும் இல்லாமல் கதவுக்குள் ஒதுங்க நேரும்; ஓஸ்லோவில் பெரும்பாலும் கதவுக்குள்தான் செலவு. ஜூனில் பகல் இரவு பத்தரை வரை நீள்வதால், கூடுதலாகக் கொடுத்த டிக்கெட் காசை இரண்டே நாளில் ஈடுகட்டிவிடலாம்.