உயிர் பிழைப்பதோடு உருவத்தையும் கேட்டேன்: என் மார்பக அறுவை அனுபவம்

மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான், ஆனால் தொடக்கநிலை என்று பயாப்சி முடிவு வந்ததும் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "மார்பையே முழுதாக எடுத்துவிடலாம், அப்புறம் நிம்மதி" என்பதுதான். முதலில் பார்த்த அறுவை மருத்துவரும் அதையே சொன்னார். எடுத்த பிறகு எப்படி இருக்கும் என்று கேட்டேன். "உயிர்தானே அம்மா முக்கியம்" என்றார். உயிர்தான் முக்கியம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நான் கேட்டதற்கு அது பதிலாகவில்லை. நாள் முழுக்க வகுப்பறையில் பிள்ளைகள் முன் நிற்பவள் நான். சேலை கட்டும்போதும் குளிக்கும்போதும் என் உடம்பு எனக்கு எப்படித் தெரியப் போகிறது என்று கேட்பதில் பேராசை எதுவும் இல்லை.

இரண்டாவது கருத்துக் கேட்க, மார்பக அறுவையை மட்டுமே செய்கிற ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். என் கணவரையும் நாத்தனாரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அவர்களுக்கும் சேர்த்தே பேசினார். இத்தாலியில் வெரோனேசி, அமெரிக்காவில் ஃபிஷர் என்ற அறுவை மருத்துவர்கள் 1970களில் தொடங்கிய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளிவந்தன. கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்த பெண்களும், மார்பை முழுதாக எடுத்த பெண்களும் ஒரே அளவுக்குத்தான் உயிர் வாழ்ந்தார்கள். கதிர்வீச்சைத் தவிர்த்தால்தான் ஆபத்து: அமெரிக்க ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுப் பெறாதவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது, கதிர்வீச்சும் பெற்றவர்களில் 14 சதவீதம். இன்றைய மருந்துகளோடு இது இன்னும் குறைவு என்றார். "அப்படியானால் எதற்கு எல்லோரும் எடுக்கச் சொல்கிறார்கள்?" என்று நாத்தனார் கேட்டார். "பயம்தான். அதில் தப்பில்லை. ஆனால் பயத்தில் முடிவெடுக்க வேண்டாம், ஒரு வாரம் தள்ளிப்போவதால் எதுவும் கெட்டுவிடாது" என்றார் மருத்துவர். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

என் கட்டி சுமார் 2 சென்டிமீட்டர், இடது மார்பின் கீழ்ப்பகுதியில். அளவைவிட அந்த இடம்தான் சிக்கல் என்பது எனக்குப் புதிய செய்தி. மேல்புற வெளிப்பகுதியில் இருந்தால் சதை எடுத்த பள்ளம் பெரும்பாலும் தெரியாது. கீழ்ப்பகுதியில் எடுத்து அப்படியே தைத்துவிட்டால், கதிர்வீச்சுக்குப் பிறகு தழும்பு சுருங்கிக் காம்பைக் கீழே இழுக்கும், மார்பு பறவையின் அலகுபோல வளைந்துவிடும். முகம் தெரியாமல் எடுத்த சில படங்களை எனக்கு மட்டும் காட்டினார். நன்றாக அமைந்தவற்றோடு, அமையாதவற்றையும் காட்டினார். மருத்துவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இரண்டாவது வகைப் படங்களால்தான்.

எனக்கு அவர் சொன்ன வழி, பெரிய மார்பைச் சிறிதாக்கும் அறுவையின் முறையிலேயே கட்டியை எடுப்பது. கட்டியோடு கீழ்ப்பகுதிச் சதையை ஆப்பு வடிவில் எடுத்து, இருபுறமும் மிஞ்சியதை நடுவில் கொண்டுவந்து சேர்த்து, காம்பை இரத்த ஓட்டம் கெடாமல் மேலே நகர்த்தி வைப்பார்கள். ஓரளவு பெரிய, தளர்ந்த மார்புக்குத்தான் இது பொருந்தும். சிறிய மார்பு என்றால் விலாப் பக்கத்திலிருந்தோ முதுகிலிருந்தோ சதையைத் திருப்பி நிரப்ப வேண்டும். முழுதாக எடுத்துவிட்டு சிலிக்கான் வைப்பது, வயிற்றுச் சதையால் புது மார்பு அமைப்பது ஆகியவற்றையும் விளக்கினார். சிலிக்கான் வைத்த இடத்தில் கதிர்வீச்சுக் கொடுக்க நேர்ந்தால் சுற்றிலும் தழும்பு இறுகிக் கல்போல ஆகலாம். வயிற்றுச் சதை இயல்பாக இருக்கும், ஆனால் நீண்ட அறுவை, வயிற்றிலும் பெரிய தழும்பு. இரண்டும் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

என் வழியிலும் ஒரு கண்ணி இருந்தது. எடுத்த சதையின் ஓரத்தில் புற்றணு இருப்பதாகப் பிறகு முடிவு வந்தால் மறுபடி அறுவை. சதையை இடம் மாற்றி வைத்துவிட்டதால் சரியான இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம், முழுதாக எடுக்கவும் நேரலாம். அதைத் தெரிந்துகொண்டேதான் கையெழுத்துப் போட்டேன். பிறகு ஓரங்கள் சுத்தம் என்று வந்தது.

அறுவை அன்று காலையில் மருத்துவர் என்னைப் படுக்கச் சொல்லவில்லை, நிமிர்ந்து உட்காரச் சொன்னார். படுத்தால் மார்பு பக்கவாட்டில் சரிந்துவிடும், அளவு தவறிவிடும் என்றார். காறை எலும்பின் நடுவிலிருந்து காம்பு வரை அளவு நாடா வைத்து, ஊதா மார்க்கரால் ஒரு கோடு. காம்பு போய்ச் சேர வேண்டிய புது இடத்தில் ஒரு வட்டம். மார்பின் கீழ் மடிப்பில் இன்னொரு கோடு. பிறகு நான்கடி பின்னால் போய் நின்று பார்த்து, ஒரு கோட்டை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தார். என் உடம்பின்மேல் ஒருவர் அவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

அக்குளில், மார்பிலிருந்து நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் நிணநீர் முடிச்சுகளை மட்டும் நீலச் சாயம் செலுத்திக் கண்டுபிடித்துச் சோதித்தார்கள். அவற்றில் நோய் இல்லாததால் அக்குள் முடிச்சுகள் எல்லாவற்றையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கை வீங்கும் வாய்ப்பு அதிகம். மறுநாள் சிறுநீர் நீலமாகப் போனால் பயப்படக் கூடாது.

தையல்கள் கீழ் மடிப்பில் சந்திக்கும் முனை ஆறத் தாமதமானது. புண் ஆறினால்தான் கதிர்வீச்சு தொடங்க முடியும் என்பதால் அந்த நாட்கள் தவிப்பாக இருந்தன. கதிர்வீச்சைக் 'கரண்ட் வைப்பது' என்று காத்திருக்கும் இடத்தில் எல்லோரும் சொல்வார்கள். முன்பு ஐந்து வாரம் வைத்ததை இப்போது பல இடங்களில் மூன்று வாரத்தில் 15 தடவையாக முடிக்கிறார்கள். தோல் கறுத்தது, மாதங்கள் கழித்து மங்கியது.

அங்கே என் பக்கத்து இருக்கையில் ஓர் அக்கா, ஆண்டிபட்டிப் பக்கம். தம் தங்கைக்குத் துணையாக வந்திருந்தார். அவருக்கே சில ஆண்டுகளுக்கு முன் மார்பை முழுதாக எடுத்திருந்தார்கள். "தினமும் பஸ் ஏறி வர எனக்கு யார் இருக்கா? எடுத்தது சரிதான்" என்றார். அது சரியான முடிவுதான். சிறிய கட்டி, முடிச்சில் நோய் இல்லை என்றால், முழுதாக எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் கதிர்வீச்சு தேவைப்படாது. ஆனால் ஜாக்கெட்டுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு, அது மேலே ஏறிவிடுவதாக வருத்தப்பட்டார். உள்ளாடையில் பொருத்தும் சிலிக்கான் மார்பு என்று ஒன்று கிடைப்பதை அத்தனை ஆண்டுகளில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் எடுத்த முடிவைவிட எனக்கு வலித்தது இதுதான்.

காப்பீட்டுப் பிரிவில் ஒருவர், "இது அழகு அறுவை, பணம் வராது" என்றார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியில், அழகு அறுவைக்கான விலக்கு புற்றுநோய்க்குப் பின்னான மறுசீரமைப்புக்குப் பொருந்தாது என்று தெளிவாகவே இருக்கிறது. பாலிசியில் அந்த வரியைக் காட்டிய பிறகு பணம் வந்தது.

இப்போது இடது மார்பு வலதைவிடச் சிறியது, சற்று உயரம், தொட்டால் கொஞ்சம் கெட்டி. காம்பில் உணர்ச்சி குறைவு. தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிட்டது. தையல்காரம்மா ஜாக்கெட்டின் இடப்பக்க டாட்டை மட்டும் கொஞ்சம் பிடித்துத் தைக்கிறார், வெளியே வித்தியாசம் தெரிவதில்லை. இரண்டையும் சமமாக்க வலது மார்பையும் சிறிதாக்கலாம் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். கதிர்வீச்சுக்குப் பிறகு இடது மார்பு இன்னும் சுருங்கும், அது நிலைத்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தோம். போன முறை மேமோகிராமுக்குப் போனபோது மறுபடி கேட்டார். எனக்கு இதுவே போதும் என்று சொல்லிவிட்டேன்.