பர்மாத் தேக்கும் ‘நைன் ஓ நைன்’ விமானமும்

பழைய போர் விமானங்கள் மேல் பைத்தியமாக இருப்பவர்களுக்கு காந்தி ஜெயந்தி ஒரு திதி நாளும் கூட. 2019 அக்டோபர் 2 காலையில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள பிராட்லி விமான நிலையத்தில் ‘நைன் ஓ நைன்’ என்ற பி-17 விமானம் விழுந்து எரிந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் அது; அன்று பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு பறந்தது. உள்ளே 13 பேர். இரண்டு விமானிகளும் ஐந்து பயணிகளும் போய்விட்டார்கள்.

இந்த வருடம் அந்த விடுமுறைக்குச் செட்டிநாடு போனேன். பல்லவனில் காரைக்குடி, அங்கிருந்து கானாடுகாத்தான். அரண்மனை, ஆத்தங்குடி ஓடு, வெள்ளைப் பணியாரம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் தேடிப் போனது இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளத்தை. கால்நடைப் பண்ணை நிலத்துக்குள் இருக்கிறது. “அங்க என்ன சார் இருக்கு, மாடுதான் மேயும்” என்றார் ஆட்டோக்காரர். வேலிக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மதியம் ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போனோம். ஆட்டோக்காரருக்குத் தெரிந்த வீடு. முகப்பைத் தாண்டினால் பட்டாலை என்கிற திண்ணைக் கூடம், வளவு என்கிற நடு முற்றம், வரிசையாகத் தேக்குத் தூண்கள். எல்லாம் பர்மாத் தேக்கு. வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். ஏணியில் ஏறி, விரலை மடக்கி ஒவ்வொரு உத்தரத்தையும் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், நகருவார். ஓர் இடத்தில் மட்டும் இரண்டு முறை தட்டினார். இறங்கி வந்து சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி போட்டுவிட்டு, “இது சத்தம் சரியில்லை, ஆசாரியைக் கூப்பிடணும்” என்றார்.

வளவில் உட்கார்ந்திருந்த ஆச்சி, எங்கிருந்து வருகிறேன், என்ன வேலையாக வந்தேன் என்று விசாரித்தார். ஓடுதளம் என்றேன், விமானம் என்றேன், அப்படியே நைன் ஓ நைன் பற்றியும் சொன்னேன். கேட்டுவிட்டு, “குண்டு போடுற ஏரோப்ளேனுக்கா தம்பி இம்புட்டு வருத்தப்படுறீக?” என்றார்.

அவருக்கு அதைக் கேட்கிற உரிமை உண்டு. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டபோது அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, அங்கே கடையில் இருந்திருக்கிறார். பர்மா எல்லையில் உள்ள தாமு, இம்பால் வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தாராம். கூட நடந்தவர்களில் பலர் வழியிலேயே போய்விட்டார்களாம். அடுத்த வருடம் ஜப்பான் கையில் இருந்த அதே ரங்கூனை இந்தியாவிலிருந்து போய்த் தாக்கிய அமெரிக்க விமானங்களில் பி-17ம் உண்டு. இதை ஆச்சியிடம் மறைக்கவில்லை.

ஆனால் இந்த ஒரு விமானம் போரில் யார் மேலும் குண்டு போட்டதில்லை. 1945இல் கட்டி முடித்தார்கள். அது களத்துக்குப் போவதற்குள் போர் முடிந்துவிட்டது. 1952இல் அணுகுண்டுச் சோதனையில் என்ன தாங்கும் என்று பார்க்க நெவாடா பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பிறகு பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் அதைச் சரிசெய்து, இருபது வருடம் காட்டுத்தீ அணைக்கப் பயன்படுத்தினார்கள். 1986இல் பழைய விமானங்களைப் பறக்க வைத்துக் காட்டும் காலிங்ஸ் அறக்கட்டளை வாங்கிப் போர்க்காலக் கோலத்துக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே பென்சில்வேனியாவில் ஓடுதளத்தைத் தாண்டிப் போய் நொறுங்கியது. மறுபடியும் எடுத்துக் கட்டினார்கள். பெயர் இன்னொரு பி-17க்குச் சொந்தமானது. அது 140 தாக்குதல்களுக்குப் போய், ஓர் ஆளைக்கூடப் பறிகொடுக்காமல் திரும்பிய விமானம். அந்தப் பெயர் எழுதிய விமானத்தில் ஏழு பேர் போனதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

“அவுகளுக்குப் புள்ளைகுட்டி இருக்குமே?” என்றார் ஆச்சி. விபத்து நடந்த அன்று எங்கள் வட்டாரத்தில் முதலில் கிளம்பிய பேச்சு, பறக்கிற பி-17களில் இன்னும் ஒன்று குறைந்துவிட்டதே என்பதுதான். 12,000க்கு மேல் கட்டியதில் இன்று பறக்கும் நிலையில் இருப்பவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனாலும் ஆச்சி கேட்டதைத்தான் நாங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். பயணிகளில் ஒருவர் விமானப்படையின் தேசியக் காவல் பிரிவைச் சேர்ந்தவர். தீப்பிடிக்காத கையுறை அவரிடம் இருந்ததால், கதவைத் திறந்து மற்றவர்கள் வெளியேற வழி செய்தார். உள்ளே இருந்தவர்களில் ஆறு பேர் பிழைத்தார்கள்.

விசாரணை அறிக்கையைப் படித்தபோது துக்கத்தோடு கோபமும் வந்தது. நான்காவது இன்ஜினில் சக்தி குறைந்து அதை நிறுத்தியிருக்கிறார்கள். திரும்பி இறங்கும்போது வேகத்தைச் சரியாகக் கையாளவில்லை. ஓடுதளத்துக்கு முன்னால் இருந்த விளக்குக் கம்பங்களில் மோதியது. இவ்வளவையும் விதி என்று விடலாம். ஆனால் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவில் கோளாறு, ஸ்பார்க் பிளக் இடைவெளி அளவில் இல்லை, பராமரிப்பு போதாது என்றும் அறிக்கை சொல்கிறது. ஒரு இன்ஜினுக்கு ஒன்பது சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக். நான்கு இன்ஜினுக்கும் சேர்த்து 72. அத்தனையையும் கழற்றிப் பார்ப்பது சள்ளை பிடித்த வேலை. ஆனால் ஆளை ஏற்றுகிறவன் செய்தே ஆக வேண்டிய வேலை. 2020 மார்ச்சில் அந்த அறக்கட்டளை பயணிகளை ஏற்றும் அனுமதியை அரசு ரத்து செய்தது.

அப்படிப்பட்ட விமானங்கள் இன்னும் பறக்க வேண்டுமா என்று ஆட்டோக்காரர் கேட்டார். பறக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்காமல், அருங்காட்சியகக் கூடத்தில் நிற்கிற உலோகத்தைப் பார்த்துவிட்டு வந்தால், அதற்குள் இருபது வயதில் ஏறி உட்கார்ந்தவர்களின் பயம் நமக்குப் புரியாது.

ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “ஓட்டத் தெரிஞ்சவுக ஓட்டட்டும். பாக்க வந்த சனத்தை ஏன் ஏத்துறாக?” என்றார். வீடு வந்து சேரும் வரை யோசித்தேன். ஆச்சி சொன்னதுதான் சரி.