நவச்சாரமும் அதன் உறவுகளும்

சோதனைக் குழாயில் சிறிதளவு நவச்சாரத்தை, அதாவது அம்மோனியம் குளோரைடை, இட்டுச் சூடாக்கினால் அது உருகுவதில்லை. அடியிலிருந்த வெண்பொடி மறைந்து, குழாயின் குளிர்ந்த மேற்பகுதியில் மீண்டும் வெண்பொடியாகப் படிகிறது. இதைப் பதங்கமாதல் என்று பாடநூல்கள் சொல்லும். எனக்கு அந்த ஒற்றைச் சொல் போதவில்லை. உண்மையில், 338 பாகை செல்சியசை ஒட்டி அம்மோனியம் குளோரைடு அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, மேலே குளிர்ந்ததும் அவ்விரு வாயுக்களும் மறுபடி சேர்ந்துகொள்கின்றன. குழாயின் நடுவே கண்ணாடிக் கம்பளியை அடைத்து, வாயருகே ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைப் பிடித்தால் அது நீலமாகும். காரத்தன்மையுள்ள, எடை குறைந்த அம்மோனியா முந்திக்கொண்டு வெளியேறுவதே காரணம். பிரிவு நிகழ்ந்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அம்மோனியம் உப்புகளின் பயன்களில் பல இந்தப் பிரியும் இயல்பிலிருந்தே பிறக்கின்றன என்பது என் எண்ணம். ஒரு நைட்ரஜனைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன்கள் அமைந்த அம்மோனியம் அயனி, அளவில் பொட்டாசியம் அயனியை ஏறத்தாழ ஒத்திருந்தாலும், பொட்டாசியத்தால் இயலாத ஒன்றைச் செய்கிறது: ஒரு புரோட்டானைக் கொடுத்துவிட்டு அம்மோனியாவாகப் பறந்துவிடுகிறது. செம்புக்கு வெள்ளீயம் பூசுவோர் சூடான பரப்பில் நவச்சாரத்தைத் தேய்ப்பது இதற்காகத்தான். அது செம்பின் மீதுள்ள ஆக்சைடு படலத்தைக் குளோரைடாக மாற்றி அகற்ற, தூய உலோகத்தில் வெள்ளீயம் பிடித்துக்கொள்கிறது. அம்மோனியம் பைகார்பனேட்டைப் பிஸ்கட் மாவில் சேர்த்தால், அது அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு, நீராவி என முழுவதும் வாயுவாகிவிடுவதால் சமையல் சோடாவைப் போல எச்சம் விடுவதில்லை. ஆனால் தடித்த கேக்கினுள் அம்மோனியா சிக்கிக்கொண்டு நெடியடிக்கும். ஆகவே மெல்லிய, மொறுமொறுப்பான பண்டங்களுக்கே அது பொருந்தும்.

அம்மோனியம் நைட்ரேட்டின் கதை வேறு. நீரில் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் சுளுக்குக்கு வைக்கும் உடனடிக் குளிர்ப்பைகளில் அது இடம்பெறுகிறது. எனினும் ஆக்சிஜனேற்றும் நைட்ரேட்டும் ஆக்சிஜனேற்றமடையக்கூடிய அம்மோனியமும் ஒரே படிகத்தில் இருப்பதன் அபாயத்தை, 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்த ஏறத்தாழ 2,750 டன் இருப்பு காட்டியது. இதன் சேமிப்பில் எந்த அலட்சியத்தையும் என்னால் சிறு பிழையாகக் கருத முடியவில்லை.

வயலுக்கு இடும் அம்மோனியம் சல்பேட்டில் நைட்ரஜன் சுமார் 21 விழுக்காடு. அதை ஒருபோதும் சுண்ணாம்புடன் கலந்து வைக்கக் கூடாது. காரம் அந்தப் புரோட்டானைப் பறித்துக்கொள்ள, பயிருக்குச் சேரவேண்டிய நைட்ரஜன் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.