எங்கிருந்து அளந்த 0.5 வோல்ட்?

மாற்றியமைத்த என்ஜினோடு ஒரு கார் பட்டறைக்கு வந்து, "த்ராட்டில் சென்சார் பழுது" என்று அதன் சொந்தக்காரர் சொன்னால், நான் உடனே சென்சாரைக் கழற்றுவதில்லை. பெடலை மிதித்தால் திறந்து என்ஜினுக்குள் காற்றை விடும் தகட்டுக் கதவுதான் த்ராட்டில்; அது எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது இந்தச் சென்சார். இந்த என்ஜினில் அதற்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் விசாரிப்பேன். தயாரித்து வந்தபடியே ஓடும் பல என்ஜின்களில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிப்பது காற்றளவைக் காட்டும் சென்சார் அல்லது மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தச் சென்சார். ஓட்டுநர் காலை எடுத்துவிட்டாரா, திடீரென்று மிதித்தாரா என்று சொல்வதுதான் அங்கே த்ராட்டில் சென்சாரின் பொறுப்பு. அது கொஞ்சம் பிசகினாலும் வண்டி சமாளித்துக்கொண்டு ஓடும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் பாடி (அந்தக் கதவு உள்ள உறை) பொருத்திய என்ஜினில் நிலைமை வேறு. அங்கே மேனிஃபோல்டு வெற்றிடம் பலவீனமாகவும் துடித்துக்கொண்டும் இருப்பதால் அழுத்தச் சென்சாரை முழுதாக நம்ப முடியாது. அதனால் என்ஜினின் கணக்குகளை அமைத்துக் கொடுக்கும் டியூனர்கள் பலர் ஆல்ஃபா-என் என்ற முறைக்குப் போகிறார்கள். பட்டர்ஃபிளை எனப்படும் அந்தக் கதவுத் தகட்டின் கோணம், என்ஜினின் சுழற்சி வேகம் இரண்டையும் வைத்தே எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று கணக்கிடும் முறை அது. துணைக்கு இருந்த சென்சார் அங்கே தலைமைப் பொறுப்புக்கு வந்துவிடுகிறது. போதாததற்கு, தனி த்ராட்டில்களில் காற்றின் பெரும்பகுதி முதல் சிறு திறப்பிலேயே உள்ளே வந்துவிடும். எண்பது சதவீதத் திறப்பில் மூன்று சதவீதப் பிழை ஒரு பொருட்டே இல்லை. ஐடிலில் (பெடலைத் தொடாமல் என்ஜின் சும்மா ஓடும்போது) அதே மூன்று சதவீதம் பெட்ரோல் கணக்கையே புரட்டிப் போடும்.

நான் சொல்ல வரும் கார் அப்படிப்பட்டதுதான். நான்கு சிலிண்டர் என்ஜின், தனித்தனி த்ராட்டில் பாடிகள், வெளியில் வாங்கிய இ.சி.யூ. (என்ஜினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர்), கையால் கட்டிய வயரிங். இயந்திர வேலை மிக நேர்த்தியாக இருந்தது. யாரோ மனம் வைத்துச் செய்திருக்கிறார்கள் என்பது நட்டுகளின் வரிசையிலேயே தெரிந்தது. புகார் இதுதான்: குளிர்ந்த என்ஜின் அழகாகக் கிளம்பும். சூடேறிய பிறகு ஐடிலில் ஆர்.பி.எம். ஏறி இறங்கும், பெட்ரோல் வாடை வரும், நெரிசலில் மெதுவாக ஊர்ந்தால் வண்டி உதறும். ஸ்பார்க் பிளக்குகள் கரி பிடித்திருந்தன. முழு த்ராட்டிலில் எந்தக் குறையும் இல்லை. புதிய த்ராட்டில் சென்சார் ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டார்கள். மாற்றம் ஒன்றுமில்லை.

கார்க்காரர் கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்று சொன்னார். "ராத்திரியில்தான் சார் ரொம்பத் தொந்தரவு." வண்டியோடு நாள் முழுக்க வாழ்கிறவர்கள் போகிற போக்கில் சொல்லும் இப்படிப்பட்ட வாக்கியங்களை நான் அப்படியே குறித்துவைப்பேன். கருவிகள் எதுவும் அவ்வளவு நீண்ட நேரம் அந்த வண்டியைக் கவனித்திருப்பதில்லை.

சென்சாரை முதலில் நியாயமாகச் சோதித்தோம். மூன்று வயர்கள்: இ.சி.யூ. கொடுக்கும் 5 வோல்ட், சிக்னல், எர்த் (மின்சாரம் திரும்பும் வயர்; வோல்ட் கணக்கில் இதுதான் பூஜ்யம்). உள்ளே இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், அதாவது ஒரு தடத்தின் மேல் தொடுமுனை ஊர்ந்து, நிற்கும் இடத்துக்கேற்ப வோல்ட் தரும் தடை. மூடிய நிலையில் சுமார் 0.5 வோல்ட், முழுதும் திறந்தால் சுமார் 4.5 வோல்ட் என்பது பரவலாகக் காணும் கணக்கு. இந்த வகைச் சென்சாரில் முதலில் தேய்வது ஐடிலுக்கும் சிறு திறப்புக்கும் உரிய பகுதிதான், ஏனென்றால் அந்த இடத்தில்தான் அது தன் ஆயுளில் பெரும்பகுதியைக் கழிக்கிறது. அந்தத் தேய்மானத்தை டிஜிட்டல் மல்டிமீட்டரில் பிடிப்பது கடினம். எண் மாறுவதற்குள் பள்ளம் வந்து போய்விடும். வோல்ட்டைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை மாட்டி, பெடலை மெதுவாக அழுத்தி விட்டால் கோடு சறுக்கில்லாமல் ஏற வேண்டும். இடையில் கீழ்நோக்கி ஊசி போல விழுந்தால் தடம் போய்விட்டது என்று பொருள். இங்கே கோடு பிசிறில்லாமல் ஏறியது. கனெக்டரை ஆட்டிப் பார்த்தோம், வயரை வளைத்துப் பார்த்தோம். எதுவும் அசையவில்லை.

பழுதுக் குறியீடும் ஏதும் பதிவாகவில்லை. சிக்னல் மிகவும் தாழ்ந்தால் பி0122, மிகவும் உயர்ந்தால் பி0123 என்று பொதுக் குறியீடுகள் உண்டு. ஆனால் 0.5 வர வேண்டிய இடத்தில் 0.63 வந்தால் எந்தக் கம்ப்யூட்டரும் கூச்சலிடாது. யாரோ பெடலில் லேசாகக் கால் வைத்திருக்கிறார்கள் என்று நம்பிக்கொள்ளும். மின்னணு த்ராட்டில் உள்ள கார்களில் இரண்டு தடங்கள் இருக்கும், ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு முரண்பட்டால் பி2135 பதிவாகும். கேபிளால் இயங்கும் ஒற்றைத் தடச் சென்சாருக்கு அந்த வசதி கிடையாது.

பதில் லாக் கோப்பில் கிடைத்தது. என்ஜினைச் சூடேற விட்டு, எல்லாச் சென்சார்களையும் பதிவு செய்தோம். ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கிய அதே கணத்தில் த்ராட்டில் 0 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் தாவியது. யாரும் பெடலைத் தொடவில்லை. அதற்குக் கீழே இருந்த கோட்டைத்தான் என்னோடு வேலை செய்யும் தம்பி முதலில் பார்த்தான். "அண்ணா, தண்ணீர்ச் சூடும் இறங்குகிறது, பாருங்கள்." 90 டிகிரியில் இருந்த கூலன்ட் வெப்பநிலை அந்த நொடியிலேயே 80-ஐ ஒட்டி வந்திருந்தது. ஃபேன் ஓடினால் தண்ணீர் குளிரும், ஆனால் ஒரே நொடியில் பத்து டிகிரி குளிராது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சென்சார்கள் ஒரே கணத்தில் பொய் சொன்னால், இரண்டும் பகிர்ந்துகொள்ளும் ஏதோ ஒன்றுதான் நகர்ந்திருக்கிறது. அவை பகிர்ந்துகொண்டது எர்த் வயரை.

(ஃபேன் இந்தக் காரில் ரேடியேட்டரில் இருந்த தனி வெப்ப சுவிட்சால் ஓடியது. இ.சி.யூ. அதை இயக்கியிருந்தால், சூடு இறங்கிவிட்டதாக நினைத்து அணைப்பதும், அணைத்ததும் சூடு ஏறிவிட்டதாக நினைத்து மறுபடி போடுவதுமாக ஃபேன் துடித்திருக்கும். குறை வந்த அன்றே பிடிபட்டிருக்கும்.)

வயரிங்கைத் தொடர்ந்து போனோம். இ.சி.யூ.வின் எர்த் என்ஜின் பிளாக்கில் முறையாக முறுக்கப்பட்டிருந்தது. சென்சார்களின் எர்த் மட்டும் இ.சி.யூ.வுக்குத் திரும்பிப் போகாமல், அருகில் கிடைத்த காரின் பாடித் தகட்டில் ஒரு போல்ட்டில் கட்டப்பட்டிருந்தது. என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் ஒரு முனை பெயின்ட் மேலேயே உட்கார்ந்திருந்தது. என்ஜின் ஓடும்போது மின்சாரத்தைத் தருவது ஆல்டர்னேட்டர். அது பிளாக்கில் இருக்கிறது. ஃபேனும் முகப்பு விளக்குகளும் குடித்த மின்சாரம் பாடி வழியே, அந்தப் பட்டை வழியேதான் ஆல்டர்னேட்டருக்குத் திரும்ப வேண்டும். ஃபேன் 20 ஆம்பியர், விளக்குகள் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டையின் இணைப்பில் 5 மில்லி ஓம் தடை இருந்தால் போதும், பாடி பிளாக்கைவிட 0.15 வோல்ட் மேலே எழும்பிவிடும். அந்தப் பாடியில்தான் சென்சாரின் கால் ஊன்றியிருந்தது. ராத்திரியில் ஏன் தொந்தரவு என்பதற்கு இனி விளக்கம் தேவையில்லை.

முழு த்ராட்டிலில் ஏன் குறையே இல்லை என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது. பொட்டென்ஷியோமீட்டரின் ஒரு முனை எர்த், மறுமுனை 5 வோல்ட். எர்த் முனை 0.15 உயர்ந்தால், அதன் அருகில் இருக்கும் மூடிய நிலைச் சிக்னல் ஏறக்குறைய அத்தனையும் உயரும், சுமார் 0.135 வோல்ட். மறுமுனைக்கு அருகில் இருக்கும் முழுத் திறப்புச் சிக்னல் 0.015 வோல்ட்தான் நகரும். 4 வோல்ட் பரப்பில் முதலாவது 3 சதவீதத்துக்கும் மேல்; இரண்டாவது அரை சதவீதம்கூட இல்லை. எங்கே துல்லியம் உயிரோ அங்கே பிழை முழுதாகவும், எங்கே யாருக்கும் கவலையில்லையோ அங்கே பிழை இல்லாமலும் போகிறது. த்ராட்டில் மூடியிருக்கிறது என்று இ.சி.யூ. ஒப்புக்கொள்ள வழக்கமாக ஓரிரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மூன்றைத் தாண்டினால் ஐடில் கட்டுப்பாடு விலகிக்கொள்ளும். ஆர்.பி.எம். ஏறி இறங்கியது அதனால்தான்.

முன்பு பார்த்தவர்களும் சென்சாரில் மீட்டர் வைத்து அளந்தவர்கள்தாம். சிக்னல் வயருக்கும் சென்சாரின் சொந்த எர்த் வயருக்கும் இடையே அளந்திருக்கிறார்கள். அப்படி அளந்தால் ஃபேன் ஓடினாலும் ஏறக்குறைய 0.5 வோல்ட்தான் வரும், ஏனென்றால் இரண்டு வயரும் சேர்ந்தே எழும்புகின்றன. இ.சி.யூ.வோ தன்னுடைய எர்த்திலிருந்து அளக்கிறது. மீட்டரின் கறுப்பு வயரை இ.சி.யூ.வின் எர்த்தில் வைத்து, சிவப்பைச் சென்சாரின் எர்த்தில் வைத்து, என்ஜின் ஓட, ஃபேனும் விளக்கும் எரிய அளந்தால் உண்மை தெரிந்துவிடும். வண்டியை அணைத்துவிட்டு ஓம் அளவில் சோதிப்பதால் பயனில்லை. சாதாரண மீட்டருக்கு 5 மில்லி ஓமும் பூஜ்யமும் ஒன்றுதான். மின்சாரம் ஓடும்போதுதான் அந்தத் தடை தன்னைக் காட்டும்.

எனக்கு உண்மையில் வருத்தம் வந்தது மேப்பை, அதாவது எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்ற இ.சி.யூ.வின் அட்டவணையை, திறந்தபோதுதான். ஐடில் பகுதியில் பெட்ரோல் எண்கள் சுற்றியிருந்தவற்றோடு ஒட்டாமல் பள்ளமாக விழுந்திருந்தன. பெட்ரோல் அதிகம் வருகிறது என்று யாரோ அந்தக் கட்டங்களில் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். மின்சாரக் குறையை எண்களால் மூடப் பார்த்த வேலை அது. ஃபேன் ஓடாதபோது அதே கட்டங்களில் பெட்ரோல் பற்றாமல் என்ஜின் நின்றுபோகவும் கூடும். ஒரு என்ஜினை இவ்வளவு அக்கறையாகக் கட்டியவருக்கு, காரணம் தெரியாமல் எண்களைத் திருத்திக் கொடுப்பது அநியாயம் என்று நினைக்கிறேன். சென்சார் கோடுகள் நேராகும்வரை மேப்பைத் தொடக் கூடாது.

திருத்தம் செய்ய அதிக நேரம் ஆகவில்லை. சென்சார் எர்த்தைப் பாடியிலிருந்து பிரித்து, இ.சி.யூ.வில் அதற்கென்றே இருக்கும் பின்னுக்குக் கொண்டுபோனோம். எர்த் பட்டைக்குத் தடிமனான புதியது, பெயின்ட்டைச் சுரண்டி எடுத்த வெறும் உலோகத்தில். எல்லா விளக்குகளையும் போட்டு அளந்தபோது இரண்டு எர்த்துகளுக்கும் இடையே வித்தியாசம் 0.02 வோல்ட்டுக்கும் கீழே நின்றது. பிறகு மூடிய நிலையையும் முழுத் திறப்பையும் இ.சி.யூ.வுக்கு மறுபடி கற்பித்தோம். முழுத் திறப்பைக் கற்பிக்கும்போது பட்டர்ஃபிளையைக் கையால் திருப்பக் கூடாது, இருக்கையில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். கேபிள் உண்மையில் எவ்வளவு திறக்கிறதோ அதுதான் அந்தக் காரின் நூறு சதவீதம்.

அதன் பிறகே மேப்பின் பள்ளத்தை நிரப்பினோம். ஃபேன் ஓடத் தொடங்கும்போது த்ராட்டில் கோடும் வெப்பநிலைக் கோடும் அசையவில்லை. கார்க்காரர் அடுத்து மின்சாரப் பவர் ஸ்டீயரிங் பொருத்தப் போவதாகச் சொன்னார். ஃபேனையும் விளக்குகளையும் விட அதிக மின்சாரம் குடிக்கக்கூடியது அது. அதன் எர்த் வயர் எங்கே முறுக்கப்பட வேண்டும், எந்தப் போல்ட்டைத் தொடவே கூடாது என்று வயரிங் படத்தில் குறித்துக் கொடுத்து அனுப்பினேன்.