லூப்புக்குக் கரண்ட் கொடுப்பது யார்?

பிஎல்சியின் (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) அனலாக் இன்புட்டில், அதாவது டிரான்ஸ்மிட்டர் அளந்தது கரண்ட்டாக வந்து சேரும் இடத்தில், ரீடிங் தப்பாக வந்தால் பலரும் முதலில் கை வைப்பது புரோகிராமில்தான். ஸ்கேலிங்கை (கரண்ட்டை அளவாக மாற்றும் கணக்கு) திருத்தி, ஆஃப்செட் (ஒரு நிலையான எண்) கூட்டி எண்ணைச் சரிக்கட்டிவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். லூப்பில் (சப்ளை, டிரான்ஸ்மிட்டர், பிஎல்சியின் இன்புட் கார்டு மூன்றும் சேர்ந்த சுற்று) எத்தனை மில்லிஆம்ப் ஓடுகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு லேப்டாப்பைத் திறங்கள்.

0–10 பார் பிரஷர் டிரான்ஸ்மிட்டர், 4–20 மில்லிஆம்ப் என்று வைத்துக்கொள்வோம்: 0 பாருக்கு 4, 10 பாருக்கு 20. பிரஷரே இல்லாதபோது திரையில் 2 பார். 5 வர வேண்டிய இடத்தில் 6. ஆனால் 10 மட்டும் சரியாக 10. மீட்டரில் 4, 12, 20 என்று பிசகாமல் வந்தால் டிரான்ஸ்மிட்டர் மேல் குற்றமில்லை. கார்டு 4–20-க்குப் பதில் 0–20 என்று செட் ஆகியிருக்கிறது. சீமென்ஸ் எஸ்7 பிஎல்சியில் கார்டு தரும் எண்ணின் முழு அளவு 27648. பிரஷர் இல்லாமலே 5530 அளவில் நின்றால் காரணம் இதுதான். இந்த நிலையில் 2 பாரைக் கழித்தால் கீழே சரியாகும், உச்சத்தில் 8 பார்தான் காட்டும். 0 மில்லிஆம்ப்பும் சரியான அளவுதான் என்று எடுத்துக்கொள்வதால், வயர் அறுந்தாலும் கார்டுக்குத் தெரியாது.

அடுத்தது வயரிங். இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டருக்குச் சொந்த சப்ளை கிடையாது. 24 வோல்ட் பிளஸ் டிரான்ஸ்மிட்டரின் பிளஸுக்கு, அதன் மைனஸ் கார்டின் பிளஸுக்கு, கார்டின் மைனஸ் 0 வோல்ட்டுக்கு. நான்கு வயர் டிரான்ஸ்மிட்டர் (சப்ளைக்கு இரண்டு, சிக்னலுக்கு இரண்டு) பெரும்பாலும் கரண்ட்டைத் தானே தரும். அதை, லூப்புக்கு 24 வோல்ட் கொடுக்கும் டெர்மினலில் மாட்டினால் இரண்டு சப்ளைகள் மோதிக்கொள்ளும். கார்டின் உள் ரெசிஸ்டர் எரிந்துபோவது இப்படித்தான்.

கீழே சரியாகக் காட்டி, மேலே ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறதா? வோல்டேஜ் கணக்குப் போடுங்கள். கார்டு 250 ஓம், ஜீனர் பேரியர் (வெடி அபாயமுள்ள இடத்துக்குப் போகும் மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் கருவி) 300 ஓம், 300 மீட்டர் கேபிளுக்குப் போக வர சுமார் 23: ஆக 573 ஓம். 20 மில்லிஆம்ப்பில் இதுவே 11.5 வோல்ட்டைத் தின்றுவிடும். 24-ல் மீதி 12.5. டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தது 12 வேண்டுமென்றால் தப்பித்தோம். சப்ளை 22-க்கு இறங்கினால் கரண்ட் 17.5-ஐத் தாண்டாது, பிரஷர் 10 பார் ஆனாலும் திரையில் 8.4 தான். இந்தப் பழுது ஆபத்தானது, ஏனென்றால் அலாரம் அடிக்க வேண்டிய நேரத்தில்தான் ரீடிங் பொய் சொல்கிறது.

ரீடிங் ஆடிக்கொண்டே இருந்தால் ஃபில்டரை (ஆட்டத்தைச் சமனாக்கும் செட்டிங்) கூட்டும் முன் கேபிளின் ஷீல்டை (சிக்னல் வயரைச் சுற்றியுள்ள உலோக உறை) பாருங்கள். பொதுவாக அதைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்தால் போதும். இரு முனையிலும் எர்த் செய்து, இரண்டு எர்த்துக்கும் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் ஷீல்டு வழியே கரண்ட் ஓடும். டிரைவிலிருந்து (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) மோட்டாருக்குப் போகும் கேபிளோடு சிக்னல் கேபிளை ஒரே டிரேயில் போடாதீர்கள். குறுக்கே போயே ஆகவேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

மீட்டரை மில்லிஆம்ப்பில் வைத்தால், லூப்பைப் பிரித்துத் தொடராகத்தான் இணைக்க வேண்டும். மறந்துபோய் 24 வோல்ட்டுக்குக் குறுக்கே வைத்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அது தெரியாமல் அடுத்த லூப்பில் இணைத்து, 0 காட்டுகிறதே என்று நல்ல டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிடாதீர்கள்.