அரியர் உள்ள மார்க்‌ஷீட்டோடு எம்பிஏவுக்கு அப்ளை பண்ணுகிறவர்களுக்கு

சிஜிபிஏ 6.4, எம்-3 என்கிற இன்ஜினியரிங் கணக்குப் பேப்பரில் அரியர், எம்பிஏ நுழைவுத்தேர்வான ஜிமேட்டில் 555. இதை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் எம்பிஏவுக்கு அப்ளை பண்ணலாமா என்று ஜூனியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பண்ணலாம். ஏறக்குறைய இதே மார்க்கோடு அங்கே போய்ப் படித்து முடித்தவன் நான், அதனால் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஆனால் மார்க் ஏன் குறைந்தது என்று விளக்குவதிலேயே நேரத்தையெல்லாம் கரைத்துவிட்டால் வேலைக்கு ஆகாது. இப்போது என்னால் படிக்க முடியும் என்பதற்குப் புதிதாக ஏதாவது அத்தாட்சி காட்ட வேண்டும், அதற்கு ஒரு வருடம் முன்பே இறங்கிவிட வேண்டும்.

அட்மிஷன் கமிட்டிக்கு உங்கள் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. முதல் செமஸ்டரில் அக்கவுண்டிங், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஃபைனான்ஸ், எக்கனாமிக்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும்போது இந்த ஆள் தாக்குப்பிடிப்பாரா என்பதுதான் அவர்கள் பயம். அதனால் மொத்த சிஜிபிஏவைப் பார்த்து மலைத்துப்போய் உட்காராமல், மார்க்‌ஷீட்டை மேசையில் விரித்து அவர்கள் படிக்கிற மாதிரி பேப்பர் பேப்பராகப் படியுங்கள். கன்சாலிடேட்டட் மார்க்‌ஷீட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் நேரே எந்த மாதம், எந்த வருடம் பாஸ் என்று இருக்கும். மூன்றாம் செமஸ்டர் பாடத்துக்கு நேரே ஆறாம் செமஸ்டர் தேதி இருந்தால் அது அரியர் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மறைக்க நினைப்பது வீண். அடி வாங்கியது கணக்கு, ஸ்டாட்டிஸ்டிக்ஸிலா, இல்லை தெர்மோடைனமிக்ஸ் மாதிரி எம்பிஏவில் தலைகாட்டவே போகாத பாடத்திலா? கடைசி நான்கு செமஸ்டரில் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? எந்த அத்தாட்சியைச் சேர்க்க வேண்டும் என்பது இந்த இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும். அப்புறம், 10க்கு 6.4 என்பதை 4க்கு இவ்வளவு என்று நீங்களாகவே மாற்றிப் போடாதீர்கள். பல பிசினஸ் பள்ளிகள் உங்கள் பல்கலைக்கழகம் கொடுத்த அளவிலேயே எழுதச் சொல்கின்றன.

கணக்கில் அடி என்றால் என்பிடெல் நல்ல வழி. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் ஆன்லைனில் நடத்தும் படிப்புகள் அவை. அக்கவுண்டிங், எக்கனாமிக்ஸ், பிராபபிலிட்டி எல்லாம் இருக்கிறது. வீடியோ பார்க்கக் காசு கிடையாது, ஆனால் நமக்கு வேண்டியது சர்டிஃபிகேட். அதற்குப் பணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் உட்கார்ந்து எழுத வேண்டும், அதனால்தான் அதற்கு மதிப்பு. 90 வாங்கினால் எலைட் + கோல்டு என்று அதிலேயே அச்சாகி வரும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் ஆன்லைனின் ‘கோர்’ (CORe) என்ற படிப்பு. அனலிடிக்ஸ், எக்கனாமிக்ஸ், அக்கவுண்டிங் மூன்றும் சேர்ந்தது. எதை எடுத்தாலும் ஒன்றோ இரண்டோ போதும், ஆனால் நன்றாகச் செய்திருக்க வேண்டும். பத்து ஆன்லைன் சர்டிஃபிகேட்டை வரிசையாக அடுக்குவதில் பயனில்லை.

சிஜிபிஏ முடிந்த கதை, ஜிமேட் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து குறைவாக இருப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் ஒன்று மற்றதை உறுதி செய்வது போல ஆகிவிடும். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் ஸ்கோர் 205 முதல் 805 வரை. பழைய 700க்கு ஏறக்குறைய சமம் இதில் 645. இது தெரியாமல் 645 எடுத்துவிட்டு 700கூட வரவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தேர்வுகளுக்கு நடுவே 16 நாள் இடைவெளி வேண்டும், 12 மாதத்தில் 5 தடவை எழுதலாம். அனுமதி இருக்கிறதே என்று அடுத்தடுத்து எழுதாதீர்கள்; எந்த மாதிரிக் கேள்வியில் தப்பு வருகிறது என்று நோட்டுப் போட்டுப் பார்த்து, குவான்ட், அதாவது கணக்குப் பகுதி, ஏறும்வரை காத்திருங்கள். மொத்த ஸ்கோர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் குவான்ட் பலமாக இருந்தால் மார்க்‌ஷீட்டுக்கு அதுவே பாதி பதில். ஜிமேட் ஒத்தே வரவில்லை என்றால் ஜிஆர்ஈ எழுதுங்கள், பெரும்பாலான பள்ளிகள் அதையும் ஏற்கின்றன.

இனி ஆப்ஷனல் எஸ்ஸே, அதாவது குறையை விளக்க விரும்பினால் எழுதலாம் என்று விண்ணப்பத்தில் விடும் கட்டுரை. ‘குடும்பச் சூழ்நிலை காரணமாகவும் கல்லூரியில் போதிய வழிகாட்டல் இல்லாததாலும் என்னால் முழுத் திறமையை வெளிப்படுத்த முடியவில்லை’ என்று ஒரு பக்கம் எழுதியதை நிறையப் படித்திருக்கிறேன். படிப்பவருக்கு இதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இப்படி எழுதலாம்: ‘இரண்டாம் ஆண்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் கடையை நான் பார்த்துக்கொண்டேன். அந்த வருடம் இரண்டு பேப்பர் போயிற்று. ஐந்தாம் செமஸ்டரிலிருந்து அரியர் இல்லை. சென்ற ஆண்டு என்பிடெல் பிராபபிலிட்டி தேர்வில் 91.’ அவ்வளவுதான். அப்படிக் காரணம் எதுவும் இல்லை, வெறுமனே படிக்கவில்லை என்றால் அதையே ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். இல்லாத நோயை மட்டும் எழுதாதீர்கள், பொய் சொல்லி வாங்குகிற சீட் எப்போது வேண்டுமானாலும் பறிபோகும்.

பரிந்துரைக் கடிதத்தில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். ‘நீயே எழுதிக் கொண்டு வாப்பா, நான் போட்டுவிடுகிறேன்’ என்பார் மேனேஜர். ஒத்துக்கொள்ளாதீர்கள், விதிப்படியும் தப்பு, கடிதமும் உங்கள் எஸ்ஸேயின் நடையிலேயே இருந்து காட்டிக் கொடுத்துவிடும். பல பள்ளிகள் பயன்படுத்தும் பொதுக் கடிதப் படிவத்தில், இவருக்கு நீங்கள் சொன்ன முக்கியமான திருத்தம் என்ன, அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு நிஜச் சம்பவம் வேண்டும். நான் என் மேனேஜரோடு டீக்கடையில் உட்கார்ந்து பழையதையெல்லாம் நினைவுபடுத்தினேன். தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் டையை (அச்சை) மாற்ற ஆகும் நேரத்தைக் குறைக்க நான் போட்ட திட்டத்தை, ‘ஆபரேட்டரைக் கேட்டியா?’ என்று அவர் திருப்பி அனுப்பியது, அப்புறம் நான் நைட் ஷிஃப்டில் ஸ்டாப்வாட்சோடு அவர்கள் பக்கத்திலேயே நின்று திரும்ப எழுதியது. அவர் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. ஆனால் எழுதுவதற்கு அவரிடம் விஷயம் இருந்தது.

பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும்போது சராசரி ஸ்கோரை மட்டும் பார்க்காமல், நடு 80 சதவீதத்தினர் எதிலிருந்து எதுவரை வாங்கியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். விண்ணப்பத்தை முதல் ரவுண்டான செப்டம்பரிலோ இரண்டாம் ரவுண்டான ஜனவரியிலோ போடுங்கள். மூன்றாம் ரவுண்டில் சீட்டும் உதவித்தொகையும் குறைந்துவிடும், விசாவுக்கும் நேரம் இருக்காது.

இந்தியாவிலேயே படிப்பதென்றால் கணக்கு வேறு. ஐஐஎம்கள் பலவற்றில் இன்டர்வியூவுக்குக் கூப்பிடும்போதே 10, 12, டிகிரி மார்க்குக்குச் சூத்திரத்தில் இடம் இருக்கிறது, அங்கே எஸ்ஸே எழுதிச் சரிக்கட்ட முடியாது. ஐஐஎம்களுக்கான நுழைவுத்தேர்வான கேட்டின் ஸ்கோரும் ஒரு வருடத்துக்குத்தான். ஒவ்வொரு ஐஐஎம்மும் எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறது என்று அதன் அட்மிஷன் அறிக்கையில் இருக்கும். அதில் உங்கள் மார்க்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தமிழ்நாட்டுக்குள் டான்செட் என்ற மாநில நுழைவுத்தேர்வு வழியாகவும் நல்ல இடங்கள் கிடைக்கும்.

கிடைக்கவில்லை என்றால் அதே பள்ளிக்கு அடுத்த வருடமும் போடலாம். போன தடவைக்குப் பிறகு என்ன மாறியது என்று மறுபடி விண்ணப்பிப்பவர்களிடம் தனியாகக் கேட்கிற பள்ளிகள் நிறைய. ரிஜெக்ட் வந்த மாதமே அடுத்த என்பிடெல் கோர்ஸுக்கோ ஜிமேட்டுக்கோ தேதி பார்த்துவிட்டால், அந்தக் கேள்விக்கு எழுத உங்களிடம் ஏதாவது இருக்கும்.