சின்ன ஃபிளைக்கு எந்த நூல், எந்த இறகு?

18, 20 நம்பர் குட்டித் தூண்டில் முள்ளில் ஃபிளை (நூலும் இறகும் சுற்றிப் பூச்சிபோலச் செய்யும் போலி இரை) கட்டுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் நூலில்தான். தையல் நூல் வேண்டவே வேண்டாம். நாலு சுற்றிலேயே உடம்பு பருத்து முள்ளின் வாய், அதாவது முனைக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, அடைபடும். மீன் கவ்வினாலும் குத்தாது. நூலின் பருமனைச் சொல்லும் டெனியர் அளவில் 50-ஐத் தாண்டாதீர்கள்.

மிதக்கும் ஃபிளைக்கு விறைப்பான சேவல் கழுத்து இறகு, மூழ்குவதற்குப் பெட்டை இறகு. இறகுத் தண்டின் இருபுறமும் உள்ள இழைகளின் நீளம் முள்வாய் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு. நாட்டுச் சேவலில் தலையை ஒட்டிய குட்டி இறகுகள்தான் இதற்குத் தேறும். அவையும் குட்டை என்பதால் இரண்டைச் சேர்த்துச் சுற்றுங்கள். கறிக்கடையில் கேட்டால் கிடைக்கும். ஷாம்பூவில் அலசி, மொறமொறவென்று காயவைத்துவிட்டுத்தான் டப்பாவில் போடணும். சென்னைப் புழுக்கத்துக்குக் கொஞ்சம் ஈரம் போதும், பூஞ்சை பிடித்துவிடும்.

மினுமினுப்புக்குப் பாரிமுனை ஜரிகையே தாராளம். ஆனால் பழவேற்காடு உப்புத்தண்ணீரில் செம்பு ஜரிகை கறுத்துப்போகும். அங்கே பிளாஸ்டிக் ஜரிகை, துருப்பிடிக்காத முள்.